விரலுக்குக் கவலை போதாது

ரேகை வாங்குவது ஒரு வேலை. ரேகையே இல்லாதவர்களிடம் ரேகை வாங்குவது ஒரு வித்தை. முத்தியால்பேட்டையில் மல்லிகா நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் இந்த வித்தையை ஆறு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆதாரில் போன் நம்பர் மாற்ற, விலாசம் திருத்த என்று வருகிறவர்களின் விரலைப் பிடித்து, சின்னக் கண்ணாடி வைத்த மெஷினில் அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நீங்கள்தான் நீங்கள். சிவப்பு எரிந்தால் வேறு யாரோ. பெற்ற தாயே வந்து சாட்சி சொன்னாலும் மெஷின் ஒத்துக்கொள்ளாது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் நின்றவர்கள்தான். கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்து, வேட்டியில் தேய்த்து, கடைசியில் பக்கத்தில் நிற்பவர் சட்டையிலும் தேய்த்துப் பார்த்தவர்கள்தான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். குற்றம் விரலில் இல்லை ஐயா, வயிற்றில் இருக்கிறது.

கடை திறக்கும் விரல்

எங்கள் சென்டரில் தினமும் காலை ஒன்பது மணிக்கு மெஷினில் படும் முதல் விரல் என்னுடையது. ஆபரேட்டர் ரேகை வைத்தால்தான் கம்ப்யூட்டர் கண் திறக்கும். அதாவது ஷட்டருக்குச் சாவி மல்லிகாவிடம். சென்டருக்குச் சாவி என் வலது கட்டைவிரல். இந்த வேலை எனக்கு உயிர். மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது என் கதைகளைக் கேட்க ஆளில்லை. என் மனைவி கஸ்தூரியிடம் முதலைக் கதை சொன்னால், "போன தடவ ஒரு முதலதான் இருந்துச்சு, இப்ப எப்படி மூணு ஆச்சு?" என்று கணக்குக் கேட்பாள். சென்டரில் அப்படியில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர், கையில் டோக்கனோடு, எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போன வருடம் மழை விட்டுப் பனி விழ ஆரம்பித்ததும் அந்தச் சாவி தேய்ந்துபோனது. முழங்கையில் நகத்தால் கீறினால் சுண்ணாம்பில் கோடு போட்ட மாதிரி வெள்ளையாக நின்றது. விரல் நுனி உப்புத்தாள். முதல் நாள் நாலாவது அழுத்தலில் பச்சை எரிந்தது, அடுத்த வாரம் ஒன்பதாவதில். விரலை நாக்கில் தொட்டு வைத்தபோது மல்லிகா முகத்தைச் சுளித்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள், நல்லவள், ஆனால் வெளியே சனம் நின்றால் மட்டும் நல்லவளாக இருக்க மாட்டாள். "அண்ணே, பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உங்க விரலு வழிக்கு வரலன்னா, விரலு இருக்கற ஆளா ஒருத்தர வெச்சிக்குவேன்."

டாக்டரம்மாவின் பத்து விரல்

இரண்டு நாள் கழித்து விலாசம் மாற்ற ஒரு தோல் டாக்டரம்மா வந்தார். பத்து விரலும் வைத்த மாத்திரத்தில் பச்சை. எனக்கு வயிறு எரிந்தது. "என்ன கிரீம் போடறீங்கம்மா?" என்று கேட்டேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொதிக்கிற வெந்நீரில் குளிக்காதே, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவு, அது வெளிவேலை. உள்வேலை ஒன்று இருக்கிறது என்றார். வறண்ட தோலுக்கு உள்ளேயிருந்தும் எண்ணெய்ப் பசை போகணுமாம். மீன், முட்டை, எள், வேர்க்கடலை, கீரை, கேரட், வேளைக்கு வேளை தண்ணீர். அதுவும் ஒரே நாளில் நடக்காது, மூன்று நாலு வாரம் பொறுக்கணும் என்றார்.

பிறகு நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். காலையில் டீ, வர்க்கி. பதினோரு மணிக்கு டீ, வர்க்கி. மதியம் ரெண்டு வாய் தயிர் சோறு. நாலு மணிக்கு டீ, அதோடு ஒரு மாறுதலுக்காக முறுக்கு. தண்ணீரா? டீயிலேயே இருக்கிறதே அம்மா! டாக்டரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க சொன்னது சாப்பாடு இல்ல சார், வெறும் இடைவேளை."

எண்ணெயை நிறுத்திய டீச்சர்

மறுநாளிலிருந்து நானே டாக்டர். அவர் சொன்னதையெல்லாம் என் சொந்தச் சரக்காக வரிசையில் இருந்தவர்களுக்கு எடுத்து விட்டேன். எனக்கு? எனக்கு நாளையிலிருந்து. அந்த 'நாளை' எப்போதும் அடுத்த நாளாகவே இருந்தது. சாரம் பகுதியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கை வெளுத்து, செதில் செதிலாக. ஆறு மாதமாக வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லையாம். எல்லாம் ஆவியில் வேகவைத்தது, கடுகைக்கூடத் தண்ணீரில் தாளிக்கிறாராம். மெஷின் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டவில்லை.

நான் விடுவேனா? "மில்லுல என்கூட ஒருத்தன் இருந்தான் டீச்சர். இப்படித்தான் எண்ணெய நிறுத்தினான். தோலு அப்படிக் காஞ்சிடுச்சு, நாங்க அவன் கையில ஒரசித்தான் தீக்குச்சி பத்த வெப்போம். வூட்ல தேங்கா துருவணும்னா அவன் பொண்டாட்டி துருவலத் தேட மாட்டா, அவனத்தான் தேடுவா" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சமையலுக்கு ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் சேக்கறேன், போதுமா? நீங்க அந்தப் பொய்யக் கொஞ்சம் கம்மியா ஊத்துங்க."

வஞ்சிரம் விற்கிற கை

அஞ்சலை கடற்கரைக் குப்பத்துக்காரி. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, எங்கள் தெரு வழியாகப் பதினோரு மணிக்குக் கூடையோடு போவாள். ஒரு நாள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, போன் நம்பர் மாற்ற வந்து உட்கார்ந்தாள். முப்பது வருடமாக ஐஸும் உப்பும் அரிவாள்மனையும் பட்ட கை. இதில் ரேகை இருந்தால் நான் மீசையை எடுத்து விடுகிறேன் என்று மல்லிகாவிடம் காதோடு சொன்னேன்.

வைத்தாள். பச்சை. அடுத்த விரல், பச்சை. ஒரு விரலை வைப்பதற்கு முன்பே பச்சை எரிந்தது, சத்தியமாக. மீசையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, "நீ என்ன சாப்பிடற தாயி?" என்று கேட்டேன். அஞ்சலைக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. எங்கள் கரையில் மத்தி வகையில் ஒரு சின்ன மீனுக்குக் கவலை என்று பெயர். முள் அதிகம், விலை குறைவு, எண்ணெய் ஏராளம். பெரிய மனிதர்கள் கூடையில் அதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "விக்கறது வஞ்சிரம், துன்றது கவல. எங்க கைக்கு என்னா கேடு?"

புதன்கிழமைக் கவலை

அன்றிலிருந்து யார் வந்தாலும் கவலைதான். பாகூர்ப் பக்கத்திலிருந்து பூங்காவனம் என்று ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா புருஷனோடு வந்தார். பத்து விரலும் சிவப்பு. பின்னால் கூட்டம் நெருக்கியது. நான் அவசரத்தில், "ஒண்ணும் பயமில்லம்மா. ஒங்களுக்குக் கவல போதாது, அவ்வளவுதான். புதன், ஞாயிறு ரெண்டு நாளு நல்லா கவல எடுத்துக்குங்க. ரெண்டு வாரம் கழிச்சி வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, விரலில் அதே சிவப்பு. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் மூன்று தலைமுறையாகச் சைவம். வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் வித்தியாசம் தெரியாது. கவலை என்று ஒரு மீன் இருப்பது எப்படித் தெரியும்? புதன்கிழமை வேலையெல்லாம் முடித்துவிட்டு, உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார். முதல் புதன் மகள் கல்யாணம், அடுத்த புதன் மாட்டுக்குக் கழிச்சல். ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருள் கிடைக்காமல் புருஷனைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். மல்லிகா மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "சரி தாயி, உங்க கொல்லையில என்ன வெளையுது?" என்று கேட்டேன். மல்லாட்டையும் எள்ளும்; மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. சாப்பிடுவீர்களா? இல்லை, மூட்டை கட்டி அப்படியே வண்டியேற்றி விடுவார்களாம். "அதுலேருந்து தினமும் ஒரு கைப்பிடி வீட்லேயே நிறுத்துங்க. மீனு வேணாம், கவலையும் வேணாம்" என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. "நான் பட்ட கவலைக்கு எனக்குப் பத்து வெரலு இல்லய்யா, இருவது வெரலு பச்சையா எரிஞ்சிருக்கணும்!"

வர்க்கி

அதே நாள் பதினோரு மணி. பூங்காவனம் அம்மா இன்னும் படி இறங்கவில்லை, வாசலில் அஞ்சலை கூடையை இறக்கி அவருக்குக் கவலை என்றால் எது என்று காட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். நான் என் டீயை வாங்கி, வர்க்கியை நனைத்து வாயில் வைத்தேன். பொங்கலுக்கு அப்போது சரியாக நாலு வாரம் இருந்தது. அன்று காலை என் விரலைப் பதினான்கு தடவை அழுத்தியிருந்தேன்.

"யோவ் அண்ணே, நீ எத்தினி நாளா கவல துன்ற?" என்று அஞ்சலை கேட்டாள். மென்று முழுங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் மட்டும். கடலோரத்தில் பிறந்தவன்தான், ஆனால் எனக்கு மீன் முள் என்றால் பயம். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு முள் தொண்டையில் சிக்கி, மூன்று நாள் பேச முடியாமல் இருந்தேன். அந்த மூன்று நாளை என் வீட்டில் தீபாவளியாகக் கொண்டாடினார்கள். அதிலிருந்து கஸ்தூரி மீன் குழம்பு வைத்தால் எனக்குப் பசியில்லை. இதை அஞ்சலையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி, கையை நீட்டிக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் கவல சொல்ற வாயி, தா பாரு, வர்க்கி துன்னுது!"

மறுநாள் குழம்பு

அவள் அத்தோடு நிற்கவில்லை. மல்லிகாவின் வாயைக் கிளறிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்குப் போய்க் கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். டாக்டரம்மா சொன்னது, மல்லிகா வைத்த கெடு, நான் ஊருக்கு வைத்தியம் பார்ப்பது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது புளியும் பூண்டும் மணந்தது. கஸ்தூரி அடுப்பில் கவலைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் நான் பகல் முழுக்க வீட்டில் இருப்பேன், முதலைகள் பெருகிக்கொண்டே போகும் என்பது அவளுக்கும் தெரியும். ஆகவே இந்த விரலைக் காப்பாற்றுவதில் என்னைவிட அவளுக்கு அக்கறை அதிகம்.

அன்று சாப்பிடவிடவில்லை. மண்சட்டியில் சின்னத் தீயில் வைத்து, ஆறவிட்டு, மறுநாள் திரும்பவும் சூடாக்கித்தான் தட்டில் போட்டாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நான் தட்டைப் பார்த்தேன், தட்டு என்னைப் பார்த்தது. கஸ்தூரி எதிரே உட்கார்ந்துகொண்டாள். "முள்ளு மெத்துனு ஆகற வரைக்கும் வேக வெச்சிருக்கேன். இதுக்கு மேல ஒரு முள்ளு தொண்டயில மாட்டுச்சின்னா, அது மீனுது இல்ல, உங்க கதையிலேருந்து வந்தது."

சொல்தாவும் வெண்ணெயும்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; அவர்கள் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களைச் சொல்தா என்போம், கூப்பிடும்போது ஐயாவுக்குப் பதில் முசியே. எண்பது வயதில் ஒரு சொல்தா, தொப்பியும் கைத்தடியுமாக வந்தார். அவருக்கு இடது காது தமிழ், வலது காது பிரெஞ்சு; என் போதாத காலம், நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். "பேர்?" என்று கேட்டேன். "நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு" என்றார். "பேரையா நிறுத்தினீங்க?" "ஆமா. டாக்டர் கூடாதுன்னுட்டார்." "பேர் இல்லாம எப்படி முசியே இருக்கறீங்க?" "கஷ்டந்தான். வெறும் ரொட்டிய நல்லா சுட்டுச் சாப்பிடறேன்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சில் வெண்ணெய்க்குப் பேர் என்று பேர்.

விரலை வைத்தார். சிவப்பு. காலையில் சுட்ட ரொட்டி, மதியம் சுட்ட ரொட்டி, ராத்திரி சூப்போடு சுட்ட ரொட்டி, கறுப்புக் காப்பி. தோலும் சுட்ட ரொட்டியின் மேல்பக்கம் மாதிரியே இருந்தது. மேஜையில் உதிர்ந்தது ரொட்டித் தூளா அவரா என்று சொல்ல முடியவில்லை. "டாக்டர் கூடாதுன்னா பேர் வேணாம் முசியே. வாரத்துல ரெண்டு நாளு புவாசோன் எடுத்துக்குங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். மீனுக்குப் பிரெஞ்சில் அதுதான் வார்த்தை. முசியே முகம் மலர்ந்து, "புவாசோன்! புவாசோன்!" என்று தலையாட்டினார். வரிசையில் மூன்றாவதாக இருந்த அரியாங்குப்பத்து அம்மா டோக்கனை வீசிவிட்டு எழுந்து வந்தார். "ரேக வரலன்னா வரலன்னு சொல்லி அனுப்புய்யா! எம்பது வயசு மனுஷனுக்குப் பாய்சன் எழுதிக் குடுக்கற, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

போகி

நாலு வாரம் நான் ஒழுங்காக இருந்தேன் என்று சொன்னால் கஸ்தூரியே சிரிப்பாள். வர்க்கியை நிறுத்தவில்லை, இரண்டை ஒன்றாக்கினேன். ஆனால் புதனும் ஞாயிறும் கவலை, மற்ற நாளில் முட்டையோ முருங்கைக்கீரையோ, குளித்த ஈரத்தில் தேங்காய் எண்ணெய், மணிக்கொரு தரம் தண்ணீர். பூங்காவனம் அம்மா புருஷனிடம் ஒரு பை வேகவைத்த மல்லாட்டை கொடுத்தனுப்பினார். பழிவாங்கலா பாசமா தெரியவில்லை, தின்றேன். இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் முழங்கையில் நகத்தால் கீறினேன், கோடு விழவில்லை. எந்தெந்தப் பண்டம் எவ்வளவு வேலை செய்தது என்று அந்த மெஷினுக்குத்தான் வெளிச்சம். விரல் மட்டும் இன்னும் ஏழு, எட்டு அழுத்தல் கேட்டது. மல்லிகாவும் ஒரு நாள், என் முகத்தைப் பார்க்காமல், யாரோ ஒருவரைப் போனில் பொங்கல் கழித்து வந்து பார்க்கச் சொன்னாள்.

போகியன்று காலை தெருவெல்லாம் பழம்பாய்ப் புகை. சென்டர் வாசலில் பூங்காவனம் அம்மா, தொப்பியோடு முசியே, கூடையை விற்காமல் வேடிக்கை பார்க்க வந்த அஞ்சலை. அத்தனை பேரும் என் விரலுக்குக் காத்திருந்தார்கள். அது திறக்காவிட்டால் அவர்கள் விரலுக்கும் வேலை இல்லை. இதுவரை இந்தச் சென்டருக்கே வராத கஸ்தூரியும் புகைக்குள்ளிருந்து வந்து, ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். மல்லிகா கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு பொய்கூட நினைவுக்கு வரவில்லை.

பச்சை. முதல் அழுத்தலில். அஞ்சலை விசிலடித்தாள். பிறகு பூங்காவனம் அம்மா வைத்தார், ஏழு விரல் பச்சை, அதுவே போதும் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது. முசியே மூன்றாவது தடவையில் தன் பேரை மீட்டுக்கொண்டார், வெண்ணெயை அல்ல. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்படித்தான் ஒரு தடவ, சுண்ணாம்பாறு ஓரமா நாலு முதல..." என்று ஆரம்பித்தேன். மூலையிலிருந்து கஸ்தூரி, "மூணு!" என்றாள். மல்லிகா போனை எடுத்து, பொங்கல் கழித்து வரச் சொன்ன ஆளிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "ரேக தெரியறதுக்கு என்னா துன்னணும்னு கேட்டீங்களே அண்ணே, வாய் மூடறதுக்கு என்னா துன்னணும்னு அந்த டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

ஆக, ஒரு கவலையும் இல்லாமல் இருந்தவரை நான் யாரென்று மெஷினுக்குத் தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கவலை என்று ஆனபிறகு, நான் நான்தான் என்று காலை ஒன்பது மணிக்கு அதுவே ஒப்புக்கொள்கிறது.